நெஞ்சல்ல, ஈரல்

இஞ்சாருங்கோ,

கலியாணம் ஆன நாள் முதல் உங்களை நான் கூப்பிட்ட பெயர் இதுதான். திரும்பிப் பார்க்க ஆள் இல்லை என்று தெரிந்தும் வாய் இதையே சொல்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும் அல்ல. உங்கள் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு வருகிற எல்லோர் கையிலும் இதைக் கொடுக்கப் போகிறேன், அதுவும் சாப்பாட்டுக்கு முன்பே. கோபம் வந்தால் வரட்டும். நீங்கள் கோபப்படுவதை இன்னும் ஒருமுறை பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

உங்களைக் கொண்டுபோனது நெஞ்சு அல்ல, கல்லீரல். ஓம், எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று, நாங்கள் வந்து குடியேறிய இந்த ஊரைக் காக்கிற சந்தா ரொசாலியா மாதாவின் மேல் என்னிடம் சத்தியம் வாங்கினீர்களே. "ஈரல் எண்டால் சனம் குடிகாரன் எண்டுதான் கதைக்கும். நெஞ்சு எண்டு சொல்லு, அது மரியாதையான வருத்தம்" என்றீர்கள். சாகிற நோயிலும் மரியாதை பார்த்த மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

வாழ்நாளில் ஒரு சொட்டு வைன் வாயில் வைக்காதவர் நீங்கள். நத்தார் விருந்தில் எல்லோரும் வைன் கிண்ணத்தைத் தூக்கும்போது தோடம்பழச் சோடாவைத் தூக்குவீர்கள். உங்கள் கெட்ட பழக்கம் எல்லாம் தேத்தண்ணிக்குள் அள்ளிப் போடும் சீனியும், வேலை முடிந்து வரும்போது வியா மக்வேதா தெருவில் வாங்கித் தின்னும் பொரித்த சோற்றுருண்டையும்தான். அதற்குப் போய் இவ்வளவு பயமா? யாருக்குப் பயந்தீர்கள்?

நான் சொன்னபடி செய்தேன். மரண அறிவித்தலிலும் 'மாரடைப்பால்' என்றே போட்டோம். அந்த ஒரு சொல் என்ன வேலை செய்தது தெரியுமா? உங்கள் தம்பி சிவநேசன் அடுத்த கிழமையே நெஞ்சைச் சோதிக்க ஓடினார். எல்லாச் சோதனையிலும் பாஸ். முட்டையில் மஞ்சள் கருவைத் தொடுவதை விட்டார். ஞாயிறுதோறும் மாதாவின் கோயில் இருக்கும் மலைக்கு நடந்தே ஏறத் தொடங்கினார். பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய கடைக்கு நான் தேங்காய் வாங்கப் போனால் எனக்கே வகுப்பு எடுப்பார். "அண்ணி, எங்கடை குடும்பத்திலை நெஞ்சுதானே பிரச்சினை. நான் அதைக் கவனமாய்ப் பாக்கிறன்."

கையைச் சொறிந்துகொண்டேதான் சொல்லுவார். நின்றபடியே களைத்துப் போவார். சீனி வருத்தமும் வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படித்தானே தொடங்கியது? நான் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்தார்கள். மகள் தாரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் ஈரலில் ஊசி விட்டு எடுத்த துண்டு இன்னும் அவர்களுடைய குளிர்பெட்டிக்குள் இருக்கிறதாம். உங்களைத் தகனம் செய்து, சாம்பலைக் கடலில் கரைத்து, முழுவதும் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தவள் நான். நீங்களோ இதே ஊரில், நான் பஸ்ஸில் தாண்டிப் போகிற கட்டடத்துக்குள் ஒரு துண்டாக இருந்திருக்கிறீர்கள். எனக்கு நாற்காலியில் இருக்க முடியவில்லை, எழுந்து நின்றுகொண்டேன்.

குடிக்காதவர்களின் ஈரலிலும் கொழுப்புச் சேர்ந்து அது ஏன் இறுகிப் போகிறது, சில குடும்பங்களில் ஏன் ஒருவர் பின் ஒருவராக வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். உங்கள் துண்டை அதற்கு எடுக்க என் சம்மதம் வேண்டும். கூடப் பிறந்தவரும் பிள்ளையும் வந்து இரத்தம் கொடுத்து ஸ்கான் செய்தால் ஆராய்ச்சிக்கும் உதவி, அவர்களுக்கும் நல்லது. "உங்கள் ஆட்களில் மெலிந்தவர்களுக்கும் இது வருகிறது, ஆனால் எல்லோரும் பிந்தித்தான் வருகிறீர்கள், ஏன்?" என்று அந்த டொக்டர் பிள்ளை கேட்டாள். தாரணி அதைத் தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மா, சித்தப்பாவுக்குச் சொல்லத்தானே வேணும்?" என்றாள்.

அன்று தொடக்கம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்குப் பகேரியாவில் இறங்க வேண்டியவள் ரயிலில் அதைத் தாண்டிப் போனேன். வேலை செய்யும் வீட்டில் துடைத்த அலுமாரியையே திரும்பத் துடைக்கிறேன் என்று வீட்டுக்காரச் சின்னோரா சிரித்தா. செத்தவருக்குக் கொடுத்த வாக்குப் பெரிதா, இருக்கிறவரின் ஈரல் பெரிதா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது? சத்தியம் மாதாவின் மேல்தானே, அவவிடமே கேட்போம் என்று ஒரு ஞாயிறு மலைக்குப் போனேன்.

பாதி வழியில் சிவநேசன் கல்லொன்றில் குந்தியிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அதுவே மாதாவின் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

"சிவநேசன், உங்கடை அண்ணைக்கு நெஞ்சிலை ஒண்டும் இல்லை. ஈரல்தான் பழுதானது."

அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அண்ணை களவாய்க் குடிச்சவரோ?"

கூடப் பிறந்த வாய்! நீங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது என்று அந்த இடத்தில் ஒத்துக்கொண்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஒரு சொட்டும் இல்லை. குடிக்காமலும் வரும். சீனியாலை வரும், கொழுப்பாலை வரும், குடும்பத்துக்குள்ளையும் வரும். நீங்கள் இவ்வளவு நாளும் பாத்தது பிழையான இடம்."

"அப்ப நான் மலை ஏறினதெல்லாம்?"

"அது ஈரலுக்கும் நல்லதாம். ஏறுங்கோ. ஆனா முதல் என்னோடை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ."

கல்லில் கை ஊன்றி எழுந்தார். பிறகு சொன்னார்: "வாறன். ஆனா என்ரை மனுசிக்கும் தெரியப்படாது, கடைக்கு வாற சனத்துக்கும் தெரியப்படாது. மாதாவின்ரை மலையிலை நிக்கிறம். சத்தியம் பண்ணுங்கோ அண்ணி."

பார்த்தீர்களா உங்கள் தம்பியை? அச்சு அசல் நீங்கள்தான். ஒரு சத்தியத்தைச் சுமந்தே நான் அரைவாசியாய்ப் போனேன்.

"தரமாட்டன்" என்றேன். "வாறதெண்டால் வாங்கோ, விட்டால் விடுங்கோ. சத்தியம் மட்டும் இனி ஒருத்தருக்கும் தரமாட்டன்."

போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். அதன் பிறகு கடையில் என் முகத்தைப் பார்க்காமல் மிச்சக் காசைத் தந்தார். நான் செய்தது சரியா பிழையா என்று புரண்டு புரண்டு படுத்தேன். உங்கள் பக்கத்துத் தலையணையோடு சண்டையும் பிடித்தேன்.

ஸ்கானுக்குக் குறித்த நாள் காலையில் தாரணியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். அவர் வருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வந்தார், மனுசியையும் கூட்டிக்கொண்டு. "நான் சொல்லிப்போட்டன் அண்ணி. இவ வீட்டுச் சீனிப் போத்தலை எங்கையோ ஒளிச்சு வைச்சிட்டா" என்றார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதில் தேத்தண்ணி குடிக்காத கடுப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

தாரணிக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. சிவநேசனின் ஈரல் இறுகத் தொடங்கியிருக்கிறது. தொடங்கித்தான் இருக்கிறது, முடியவில்லை. உடம்பைக் குறைத்து, சீனியைக் கட்டுப்படுத்தினால் திருத்த இடம் இருக்கிறது என்று டொக்டர் சொன்னாள். அது நடக்குமா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். கொடுத்த இரத்தத்திலும் உங்கள் துண்டிலும் என்ன கண்டுபிடிப்பார்கள் என்பதற்கோ வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டுமாம். பயன் எங்களுக்கு வராமல், யாரோ ஒருவருக்குத்தான் வரலாம் என்றும் சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் கடிதத்தைச் சிவநேசனுக்கு வாசித்துக் காட்டினேன். தன் பெயரை வெட்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். இதை வாசிக்கிற ஆட்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்களில் யாராவது வீட்டில் ஒரு வருத்தத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தால், இலையில் உட்காரும் முன் என்னிடம் வாருங்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருவேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று வாசல் படியில் இறங்கும்போது சிவநேசன் கேட்டார்: "அண்ணையும் இப்பிடி முந்தி வந்திருந்தால்?" உங்களுக்கு உடம்பு முழுக்கச் சொறிந்த நாட்களில், "உடுப்புத் தோய்க்கிற பவுடர் ஒத்துக்கொள்ளேல்லை" என்று சொல்லி டொக்டரிடம் போகாமல் இருந்தீர்களே. அந்தப் பயம் எனக்கு அப்போது தெரியாது. தம்பியின் அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவருகிறேன். நீங்கள் வந்திருக்கலாம் தானே? இப்போது என் பக்கத்தில் இருந்து இதை வாசித்துவிட்டு என்னோடு சண்டை பிடித்திருக்கலாம் தானே?

உங்கள் பெயரை யாராவது குடியோடு சேர்த்துக் கதைத்தால் அந்த இடத்திலேயே நின்று மறுப்பேன், என் மூச்சு உள்ளவரை. இது நீங்கள் கேட்காமலே நான் தருகிற வாக்கு.

உங்கள் சத்தியத்தை உடைத்த மனைவி,
சாந்தி