பத்து விளக்குகளும் என் தொண்டையும்

மார்ச் 4, செவ்வாய்

வாயைத் திறக்காமல் மூன்றாவது நாள். தொண்டையில் இருந்த சின்னக் கட்டியை எடுத்தாயிற்று. இன்னும் ஒரு வாரம் பேச்சு கிடையாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்தொன்பது வருடம் கத்திய உடற்கல்வி ஆசிரியைக்கு இது தேவைதான். வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். அது போதாமல் இந்த நோட்டு. பேச்சு எங்கேயாவது போய்த் தீர வேண்டுமே.

இவர் முகத்தில் மட்டும் ஒரு தெளிச்சி. நூலகத்தில் வேலை, இயல்பிலேயே மெல்லிய குரல். கல்யாணமான நாளிலிருந்து எதைச் சொன்னாலும் பாதியில் நான் முடித்துவைப்பேன். இன்று சாப்பிடும்போது பேருந்தில் நடந்த ஒரு கதையை முழுசாகச் சொன்னார். முடிவு நான் நினைத்தது இல்லை. சிரிக்கவும் கூடாதென்பதால் மேஜையைத் தட்டினேன்.

மார்ச் 5, புதன்

அலமாரியை ஒழித்தபோது ஒரு அட்டைப் பெட்டி கிடைத்தது. கல்லூரியில் ஏதோ வினாடி வினாவில் மகள் சிட்டுவுக்குப் பரிசாக வந்தது. அவள் பிரிக்கவே இல்லை. சத்தத்துக்கு ஏற்றபடி எரியும் விளக்கு, நாமே செய்துகொள்ள வேண்டும். உள்ளே ஒரு பச்சைப் பலகை, மிளகு அளவு மைக், சிலந்தி மாதிரி கால் வைத்த கறுப்புச் சில்லு ஒன்று, பத்துக் குட்டி விளக்குகள்: ஐந்து பச்சை, மூன்று மஞ்சள், இரண்டு சிவப்பு. மெதுவாகப் பேசினால் பச்சை, கத்தினால் சிவப்பு வரை ஏறுமாம்.

எனக்கு பல்பு மாற்றத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் சும்மா உட்காரவும் தெரியாதே.

மார்ச் 6, வியாழன்

கீழ்வீட்டு மிக்சி ரிப்பேர்காரரிடம் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டர் கம்பி இரவல் வாங்கப் போனேன். பலகையில் எழுதிக் காட்டியதும் அவர் தெருவுக்கே கேட்கும்படி, "கம்பியா? தர்றேன், தர்றேன். சூடா இருக்கும், பாத்து," என்றார். "எனக்குக் காது கேட்கும்" என்று எழுதினேன். அவர் அதையும் சத்தமாகவே படித்தார்.

சில்லின் மூன்றாவது காலை ஒட்டும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன். கத்த முடியாத வாரத்தில்தானா இது நடக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நாலு குதி குதித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

எல்லாம் ஒட்டியாயிற்று. பேட்டரி போட்டேன். ஒன்றும் எரியவில்லை.

கீழே எடுத்துப் போனேன். ரிப்பேர்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதெல்லாம் ஒட்டலீங்க. சும்மா மேல உக்காந்திருக்கு."

மறுபடி எல்லாக் காலுக்கும் சூடு வைத்தேன். இப்போது முதல் பச்சை மட்டும் மினுக்மினுக்கென்றது. கை தட்டினேன், அசையவில்லை. அதற்கும் என்மேல் கோபமா?

மார்ச் 8, சனி

கண்டுபிடித்துவிட்டேன். நானே. மைக்கின் இரண்டு காலில் ஒன்று அதன் தகர உடம்போடு ஒட்டியிருக்கிறது. அதுதான் மைனஸ் பக்கம் போக வேண்டும். நான் திருப்பி வைத்திருந்தேன். பிரித்து மாற்றி ஒட்டி, ஒரு தட்டு. பத்தும் எரிந்தன. என்னைவிட வயதில் சின்னவர்கள் எத்தனையோ பேரை ஜெயிக்க வைத்திருக்கிறேன், இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

மின்விசிறிச் சத்தத்துக்கே மூன்று பச்சை நின்று எரிந்தது. பலகையில் இருக்கும் குட்டித் திருகைக் கொஞ்சம் திருப்பினேன், அடங்கியது. இவரைப் பேசச் சொல்லி எழுதினேன். "என்ன பேசறது?" இரண்டு பச்சை. "நூலகத்துல இதுக்கு மேல பேசினா என்னையே வெளிய அனுப்பிடுவாங்க." அப்போதும் இரண்டு. என் குரல் எதுவரை போகும் என்று சிட்டுவிடம் எழுதிக் கேட்டேன். பத்தாவது விளக்குக்கு அப்பால் சுவரில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் சிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். விளக்குப் பலகை எங்களுக்கு நடுவே இருந்தது. "அம்மா, உன்னால இப்ப பேச முடியாதுல்ல? அதான் இன்னைக்கே சொல்றேன். நான் இனிமே ஓடப் போறதில்ல."

ஒரே ஒரு பச்சை.

ஏழு வயதிலிருந்து நான் பழக்கிய பெண். நானூறு மீட்டரில் அவள் காலடி விழும் தாளம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். 'ஏன்' என்று எழுதி அழித்தேன். 'இத்தனை வருட உழைப்பு' என்று எழுதி அதையும் அழித்தேன். மூன்றாவது தடவை, 'எப்போதிலிருந்து?'

"ரெண்டு வருஷமா. ஓடும்போது உன் சத்தம் மட்டும்தாம்மா கேக்குது. என் மூச்சு எனக்கே கேக்கல."

எழுந்து போய்விட்டாள். ரெண்டு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா — சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? தெரியும். கத்தியிருப்பேன். இவர்கிட்ட சொல்லியிருக்கா, இவரே இப்பத்தான் ஒத்துக்கிட்டார். இவரும் எங்கிட்ட சொல்ல வந்து வந்து பாதியில நின்னிருக்கார்.

மார்ச் 10, திங்கள்

வெள்ளைப் பலகை காலியாகவே இருந்தது. நான்தான் எழுதவில்லை.

மார்ச் 12, புதன்

குரல் வந்தது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் 'ம்' என்று சொல்லச் சொன்னார். கதவு கிறீச்சிடுவது போல் ஒரு சத்தம், என்னுடையதுதானாம். "நீங்க குரலைத் தள்ளறீங்க மேடம். தள்ளாம விடுங்க, அதுவா வரும்." ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பயிற்சி. விளக்கைப் பற்றிச் சொன்னதும் அவருக்குக் கண் விரிந்தது. ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு பச்சையிலேயே பேசிப் பழகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பால் பொங்கியது. "அடுப்பு!" இரண்டு சிவப்பும். இவர் அடுப்பை அணைத்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மார்ச் 16, ஞாயிறு

என்னுடைய பத்து நிமிடம் முழுக்க ஒரே வாக்கியம். 'உனக்குப் பிடிக்கலைன்னா ஓட வேண்டாம்.' 'உனக்கு' வரை பச்சை. 'ஓட' என்றதும் மஞ்சள் ஏறிவிடுகிறது. வாய் சொல்கிறது, நெஞ்சு இன்னும் சொல்லவில்லை போல. பதினோரு முறை சொல்லிப் பார்த்தேன். "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு," என்றார் இவர், பக்கத்து அறையிலிருந்து.

சாயங்காலம் சிட்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒரு தலையணை உறையையே மடித்துக்கொண்டிருந்தாள். "நிஜமாத்தான் சொல்றியா? இல்ல, டாக்டர் கத்தக்கூடாதுன்னதால மெதுவா சொல்றியா?"

"ரெண்டும்தான்," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது, அது தொண்டைக்குக் கெடுதலா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பள்ளிக்குத் திரும்பி நாலாவது நாள். விளக்கைக் கொண்டுபோய் விளையாட்டு அறை மேஜையில் வைத்தேன். பிள்ளைகள் அடங்குவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ சிவப்பை எரிய வைப்பதுதான் விளையாட்டு என்று முடிவு செய்துவிட்டார்கள். தலைமையாசிரியை ஓடி வந்தார். வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

ஆனால் பக்கத்தில் போய்ப் பேசினால் பிள்ளைகள் கேட்கிறார்கள். இதற்காக நிறைய நடக்க வேண்டியிருக்கிறது. கால் வலிக்கிறது, தொண்டை வலிக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப் போட்டி. மாணவிகளைக் கூட்டிப் போயிருந்தேன். கூப்பிடாமலேயே சிட்டு வந்து படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. கணக்குப் பாடத்தில் ஒரு தேர்வு போய்விட்டதாம். அதைப் பற்றிச் சொன்னாள், பிறகு ஒரு தோழியைப் பற்றி, பிறகு தோழியின் நாயைப் பற்றி. நான் நடுவில் இரண்டே கேள்விதான் கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது கோட்டுக்கு அருகில் யாரோ யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானூறு மீட்டர் முடிந்திருந்தது. எப்போது தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.