பங்கர் லயத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நேற்று லிந்துலை டவுனில் திரிவீல் ஏறினேன். "எங்கண்ணே, பங்கர் லயமா?" என்றான் ஓட்டுகிறவன். நம் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "யுத்த காலத்துல அங்க ஒரு புலி பங்கர் வெட்டி ஒளிஞ்சிருந்தாராம்ல?" அவர் என் அப்பா என்று சொல்லிவிட்டு, பாதி வழியிலேயே இறங்கி நடந்தேன்.

நீங்கள் வெட்டியது தண்ணீர்த் தொட்டிக்குக் குழி. பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று பலகை போட்டு, தேயிலையில் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சிகளை மேலே பரப்பி வைத்தீர்கள். அந்த மூடல்தான் வினையானது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும், தோட்டத்துத் துரையிடம் நீங்கள் தண்ணீர் கேட்டுச் சத்தம் போட்டதை, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு மறக்கவில்லை. தேடுதலுக்கு வந்த ஆமியை நேரே குழிக்குக் கூட்டிப்போய், பங்கர் என்று காட்டினார். அதன் விளிம்பிலேயே உங்களை மண்டியிட வைத்து அடித்து, முகாமுக்கு ஏற்றிப்போனார்கள். முகாமிலிருந்து நீங்கள் திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. லயத்துக்குப் பெயர் ஒட்டிவிட்டிருந்தது.

போன மழையில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நான் படித்ததே குழாய் வேலைதானே? அதே குழியில் கொங்கிரீட் தொட்டி கட்டி, எல்லா வீட்டுக்கும் லைன் இழுத்துவிட்டேன். ஒரு வீட்டுக்கு மட்டும் இல்லை.

அந்த வீட்டுக்காரர் வந்தார். பென்ஷனாகியும் நம் பக்கத்தில்தானே இருக்கிறார்.

"தம்பி, நம்ம வீட்ட மறந்துட்டீங்களே?"

"மறக்கல, கண்டாக்கையா."

"அந்தக் காலம் அப்படி தம்பி. ஆமி கேட்டாங்க, சொன்னேன்."

"குழி இருக்கான்னு அவங்க கேட்டாங்களா, நீங்களா காட்டினீங்களா?"

தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அம்மாவுக்கு என்மேல் கோபம். "தண்ணிய மறிக்காதடா, பாவம். ஒங்கப்பான்னா குடுத்திருப்பாரு." கொடுத்திருப்பீர்கள், தெரியும். நான் நீங்கள் இல்லை. தண்ணீரை மறிக்கவுமில்லை. தொட்டி ஓரத்தில் ஒரு பைப் வைத்திருக்கிறேன், உங்களை மண்டியிட வைத்த அதே இடத்தில், குனிந்துதான் பிடிக்க வேண்டிய உயரத்தில். தினமும் வாளியோடு வருகிறார். நான் நின்று பார்க்கிறேன். உங்களுக்கு இது பிடிக்குமா, அப்பா?

பெரட்டுக் களத்தில் நின்று, அது தண்ணிக் குழிதான், நான் சொன்னது பொய் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், எல்லாரும் கேட்க வேண்டும். சொன்ன அன்றே அவர் வீட்டுக்கு லைன் இழுப்பேன். அதுவரை அவர் குனியட்டும். இது உங்கள் கேட்காத காதின்மேல் சத்தியம்.

தண்ணிக் குழி வெட்டியவரின் மகன்,
உங்கள் மூத்தவன்