ஆறு பத்துக்கு வரும் ‘ஆச்சு’

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி மூன்று பேரும் சுகம். நீயும் சுகம் என்று தினமும் சொல்கிறாய், அதை நான் இனி நம்புவதாக இல்லை, அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் நீ இடையில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய், அந்த சாமர்த்தியம் என்னிடமிருந்து வந்ததுதான். கடிதத்தில் அது நடக்காது. கூரியர்காரர் நாலு நாளில் கையில் கிடைக்கும் என்கிறார், அந்த நாலு நாளை நான் எப்படித் தள்ளுவேனோ தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நீ அம்மாவைக் கூப்பிட்டாயே, அப்போது நான் எதிரில் உட்கார்ந்து நேரம் கழித்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருக்கிறது என்று அம்மா போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் இருப்பது தெரியாமல் நீ பேசினாய். உனக்கு அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. ராத்திரி வீட்டுக்கே போகல, ஆபீஸ் மாடிப்படியில உட்கார்ந்திருக்கேன் என்றாய். கம்ப்யூட்டர்ல எழுத்து தெரியுதும்மா, ஆனா படிக்க வரல, ஒண்ணோட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குது என்றாய். அப்பாகிட்ட சொல்லிடாதே, கடையை மூடிட்டுக் கிளம்பி வந்துடுவாரு என்றாய். வாயைத் திறக்காதீங்க என்று அம்மா கண்ணாலேயே என்னை அடக்கினாள். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் நீ அனுப்பிய செய்தி. ‘யோகா ஆச்சுப்பா.’ உன் ஊரில் மணி ஆறு பத்து, வழக்கம்போல. மேஜை மேல் நீ அழுதுகொண்டிருக்கிறாய், என் சட்டைப் பையில் யோகா செய்து முடித்துவிட்டாய்.

முதலில் வந்தது கோபம், மறைக்க மாட்டேன். முப்பது வருஷமாக பேரிங் விற்கிறேன், டூப்ளிகேட்டாக இருந்தால் பெட்டியைக் கையில் தூக்கியதுமே சொல்லிவிடுவேன், என் மகள் மூன்று மாதமாக அனுப்பிய டூப்ளிகேட்டைப் பிடிக்க முடியவில்லை. உன் தம்பியிடம் காட்டினேன். அது தானா போறதுப்பா, ஒரு தடவை நேரத்தைப் போட்டு வெச்சா தினமும் அதுவே அனுப்பும், உங்க பொண்ணு வேற எப்படி இருப்பா என்று சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு. எனக்கு அன்றைக்கு முழுக்கக் கல்லாவில் உட்கார முடியவில்லை.

கோபம் அடங்கிய பிறகு யோசித்தேன், தப்பு என்னுடையது. கழுத்து வலிக்குது, தூக்கம் இல்லை என்று நீ சொன்னதும் உன் வீட்டுப் பக்கத்திலேயே யோகா வகுப்பு தேடிச் சேர்த்துவிட்டேன், அதோடு நிறுத்தியிருக்கலாம். தினமும் முடித்ததும் ஆச்சு என்று அனுப்பு என்றேன். அது நம் கடைச் சட்டம். சரக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒவ்வொரு பட்டறைக்கும் போனதும் ஆச்சு என்று அனுப்ப வேண்டும். நம்ம மீசைக்காரர் முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே நாலு பட்டறைக்கு ஆச்சு அனுப்பியவர், அவரைப் பிடித்தவன் நான். பிடித்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. ஏற்கெனவே மூன்று பேர் வேலையை ஒருத்தியாகச் செய்கிறவளுக்கு நாலாவதாக ஒரு வேலையைக் கொடுத்து, மேற்பார்வைக்கு நானும் உட்கார்ந்துகொண்டேன்.

இன்னொன்று சொல்கிறேன், இது அம்மாவுக்கே தெரியாது. உனக்கு நாலு வயசு இருக்கும். அப்போது ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பேன். ஒரு நாள் லேத் பட்டறைக்காரர் வந்து ஒரு பேரிங் நம்பர் சொன்னார், என் பெயர் மாதிரி எனக்குப் பழகின நம்பர். அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன், பெட்டியில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, என்னவென்று புரியவில்லை. மரப்பெட்டி மேல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில், பித்தம் என்று அவரிடம் சொல்லிச் சமாளித்தேன். மறுநாளும் கடை திறந்தேன். தப்பித்தது என் அதிர்ஷ்டம், கெட்டிக்காரத்தனம் இல்லை. நீ எழுத்து ஒட்டவில்லை என்றதும் எனக்கு அந்த மரப்பெட்டிதான் ஞாபகம் வந்தது. தீய்ந்த பேரிங் எத்தனையோ கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் முதலில் சத்தம் போட்டதுதான், கேட்க ஆள் இல்லை.

புதன்கிழமையே நானும் இங்கே ஒரு யோகா வகுப்பில் சேர்ந்துவிட்டேன், சிரிக்காதே. உனக்கு எதைக் கட்டாயப்படுத்தினேன் என்று தெரிய வேண்டாமா. சொல்லிக்கொடுக்கிற அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், என்னைப் படுக்க வைத்துவிட்டு, ஐயா உங்க தோள் ரெண்டும் காதுகிட்ட நிக்குது, இறக்குங்க என்றார். இறக்கினேன், மறுபடி ஏறிக்கொண்டது. உங்களுக்கு மூச்சை வாங்கத்தான் தெரியுது, விடத் தெரியல, வியாபாரிதானே என்றார். போன மாதம் வீடியோவில் உன் தோளும் அப்படித்தான் இருந்தது, குளிருக்குக் குறுக்கிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். உன் விஷயத்தை அந்த அம்மாவிடம் சொன்னேன். முதல்ல டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க, வேலையைக் குறைக்கச் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் யோகா என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஓட்டத்தைக் குறைக்காமல் கிரீஸை மட்டும் அப்பினால் எது நிற்கும்.

அதனால் கடிதம் கிடைத்த அன்றே டாக்டரைப் பார். அவர் எழுதிக்கொடுப்பதை வைத்து இரண்டு வாரம் லீவு கேள். ஆபீசில் உனக்கு மேலதிகாரியாக இருக்கிற அம்மா முகம் சுளிப்பார் என்றும் அன்றைக்குச் சொன்னாயே, சுளிக்கட்டும். கடையில் இல்லாத சரக்கை இல்லை என்று சொல்லித்தான் நான் பெயர் வாங்கினேன், என்னால் இதற்கு மேல் முடியாது என்பதும் அதே மாதிரிதான், நிமிர்ந்து சொல்லு. யோகாவை விட்டுவிட வேண்டாம், ஆனால் வகுப்பில் சொல்லித்தரும் இருபது ஆசனமும் வேண்டாம். ஐந்து நிமிஷம் தரையில் படு, போனை வேறு அறையில் வை, தோளை இறக்கு, வாங்கினதைவிட நீளமாக மூச்சை விடு. செய்தாயா என்று நான் கேட்க மாட்டேன். சொல்லிவிட்டாள் என்று அம்மாவிடம் கோபிக்காதே, அவள் சொல்லவே இல்லை, நான்தான் எதிரில் இருந்தேன்.

அந்த ஆறு பத்துச் செய்தியை மட்டும் இன்றோடு நிறுத்திவிடு. அது வரும்போதெல்லாம் அந்த நேரத்தில் நீ எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறாயோ என்றுதான் நினைக்கிறேன். அனுப்புவதாக இருந்தால் ஆகலை என்று அனுப்பு, உன் கையால் அடித்து அனுப்பு. அது வந்த அன்றே, நீ பயந்த மாதிரியே கடையை மூடிவிட்டுக் கிளம்பி வருகிறேன், சாவியை வாங்கிக்கொள்ள உன் தம்பி தயாராக இருக்கிறான். உடம்பும் மனசும் தேறி நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் எழுதச் சொன்னாள்.

இன்று காலை நானும் வகுப்புக்குப் போனேன். எல்லாரும் கண்ணை மூடிப் படுத்திருக்க நான் உன்னையே நினைத்துக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஆகலை.

உன் அப்பா