ஈர வார்னிஷில் செருப்புத் தடம்

ஏங்க,

ராத்திரி வேலை முடிந்து வரும்போது முன்கதவு வழியாக உள்ளே வர வேண்டாம். விடாத மழையில் ஹால் பலகைத் தரைக்கு அடித்த வார்னிஷ் இன்னும் காயவில்லை. விரலை வைத்தால் ஒட்டுகிறது. சமையலறைக் கதவால் வாருங்கள். காற்று வரட்டும் என்று ஃபேனை மெதுவாக ஓட விட்டிருக்கிறேன். நிறுத்திவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். சோறும் நெத்திலிச் சம்பலும் மேசையில் மூடி இருக்கின்றன.

காலையில் எழுந்து பார்த்தால், வார்னிஷில் ஆண் செருப்புத் தடம். முன்கதவிலிருந்து நேராக என் தங்கை மலரின் அறை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறது. வார்னிஷ் வாடை தாங்காமல் அவள் நேற்று என்னோடு பின்னறையில் படுத்தாள். அதனால் தப்பித்தாள். பூட்டு உடையவில்லை.

தடத்தைப் பார்த்ததும் மலர், "அக்கா, அவருதான். நான் இங்க இருக்கேன்னு யாரு சொன்னா?" என்றாள்.

அவள் புருஷன் தீபன் அவள் கையை முறித்தபோதும், "புருஷன் பெண்டாட்டி சண்டைலா, சரியாப் போயிடும்" என்றுதான் சொன்னீர்கள். ஆணியில் மாட்டியிருந்த வீட்டின் இன்னொரு சாவியைக் காணோம். உங்களைத் தவிர யாரும் எடுத்திருக்க முடியாது.

மலரைக் கூட்டிக்கொண்டு லாபிஸ் போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். வார்னிஷ்காரர் வந்தால் அந்தத் தடத்தை இன்று தேய்க்க விடாதீர்கள்.

பிரேமலா

பி.கு.: போலீஸுக்குப் பிறகு எங்கே தங்குவோம் என்று மேலே எழுதியிருந்தேன். படிக்க முடியாதபடி அடித்துவிட்டேன். தீபன் கேட்டால், உங்களுக்கே தெரியாமல் இருக்கட்டும்.