குமரன் பெயரில் வந்த வெங்காய விலை

தை 9, வெள்ளி

காலையில் பனி. களத்து வெங்காயத்துக்குத் தார்ப்பாய் போட்டேன். வாங்க வேண்டியது: சாக்கு, சணல், கோணி ஊசி.

இன்று விலை வரவில்லை. அதை அனுப்புவது மகன் குமரன் எழுதி வைத்த புரோகிராம். விடிந்ததும் சந்தை விலையை எடுத்து இணையத்தில் அவன் பக்கத்தில் எழுதும், ஊர் குரூப்புக்கும் அனுப்பும். அரியலூர் ரோட்டில் வண்டியோடு விழுந்து அவன் போன பிறகும் அது நிற்கவில்லை. தினமும் அவன் போனில் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். மேல் வரியில் "குமரன், இன்று" என்று இருக்கும். பிறகுதான் காபி.

இன்று "குமரன், நேற்று". காபி போடவில்லை.

தை 10, சனி

அவன் கூட்டாளி அருளுக்குப் போன். வரதராஜன்பேட்டைப் பையன், சென்னையில் வேலை.

"டோக்கன் கெடு முடிஞ்சிருச்சும்மா. புரோகிராம் உள்ள போறதுக்கான சீட்டு. பாஸ்வேர்டு நமக்குத்தான், அதுக்குச் செல்லாது. நான் குமரன் பேர்ல நொழைஞ்சி வேற எடுக்கறேன். போன்ல கேக்கும், அமுத்துங்க."

கேட்டது. "உள்ளே நுழைவது நீங்களா?" ஆம், இல்லை என்று இரண்டு. நான் குமரன் இல்லையே. இல்லை என்று அமுக்கினேன். மறுபடியும் கேட்டது. மறுபடியும் இல்லை.

"யம்மா! என்னையத் திருடன்னு நெனச்சு வெளிய வச்சுப் பூட்டிருச்சு!"

சிரித்தான். நானும். எத்தனை நாளைக்குப் பிறகு.

தை 11, ஞாயிறு

பக்கத்து வீட்டுச் செல்வி. "யக்கா, வெல தெரியாம யாவாரி கேட்டதுக்கே போட்டுட்டேன். பெரம்பலூர்ல கூடுதலாம். ஒங்க புள்ள இருந்திருந்தா..." நிறுத்திக்கொண்டாள். தண்ணீர் கேட்டாள். குடிக்காமலே போய்விட்டாள்.

மாட்டுக்குத் தவிடு தீர்ந்தது.

தை 12, திங்கள்

பூட்டு திறந்துவிட்டதாம். அருள் போனில் இரண்டு வழி சொன்னான்.

ஒன்று, குமரன் பேரிலேயே புது டோக்கன். அவன் பெயர் வரும். கெடு முடியும்போதெல்லாம் யாராவது அவனாக நுழைய வேண்டும்.

இன்னொன்று, புரோகிராமுக்கே தனி அனுமதி. விலைப் பக்கம் மட்டும் திறக்கும். ஆள் வேண்டாம், தானே புதுப்பித்துக்கொள்ளும். அவன் பெயர் வராது.

"மொத வழியே வையிப்பா."

"வைக்கறேன். எனக்கு ஒண்ணு ஆயிட்டா யாரும்மா செய்வா?"

"வாயக் கழுவுடா."

செல்வி குடிக்காமல் வைத்த சொம்பு ஞாபகம்.

"சரி, ரெண்டாவதே வையி."

போன் கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். மன்னிச்சிருடா குமரா.

"என்ன பேரும்மா போட?"

"வெங்காய விலைன்னு போடு. வேற என்னத்த."

தை 13, செவ்வாய்

பனி இல்லை, காற்று. விலை வந்துவிட்டது. தெருவில் செல்வி சத்தம்: "யக்கா, வந்துருச்சு, பாத்தீங்களா?"

பார்த்தேன். மேலே "வெங்காய விலை, இன்று". அதற்குக் கீழே குமரன். அதற்கும் கீழே உருட்ட உருட்ட குமரன்தான்.

நாளைக்கு இன்னும் ஒரு வரி கீழே போவான்.