மேட்டில் தட்டாத வேன்

ஏங்க,

வேனை நான் எடுத்துட்டுப் போறேன். இழுவை கூடணும்னு நேத்து நீங்க இக்னிஷன் டைமிங்கை, அதான் இன்ஜின்ல பொறி விழுற நேரத்தை, முன்னாடி தள்ளினதாலதான் மேட்டுல இன்ஜின் டக்டக்னு தட்டுச்சு. நான் சொன்னதுக்கு, "பெட்ரோல் சரியில்ல, உனக்கென்ன தெரியும்"னு கத்திட்டுப் படுத்துட்டீங்க. காலையில டைமிங் லைட் வெச்சுப் பார்த்து, பழைய குறிக்கே கொண்டுவந்தேன். தட்டுறது நின்னுடுச்சு, ஆனா ஸ்டீயரிங் முன்னாடி எரியுற இன்ஜின் கோளாறு மஞ்சள் விளக்கு மட்டும் அணையல. குனிஞ்சு பார்த்தா, இன்ஜின் தட்டுறதைக் கண்டுபிடிக்கிற நாக் சென்சாரோட ஒயர் கழண்டு தொங்குது! மாட்டி ஓட்டினதும் அதுவும் அணைஞ்சுடுச்சு. சரக்கோட ஒரு தடவை மேடு ஏத்திப் பார்த்துட்டும் வந்துட்டேன், ஒரு முனகல் இல்ல.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க.

பி.கு: நீங்க வரச் சொன்ன மெக்கானிக் வந்தா திருப்பி அனுப்பிடுங்க. யார் சரி பண்ணாங்கன்னு கேட்டா, "என் பொண்டாட்டி"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுங்க. அப்பத்தான் என் கோவம் போகும்.