வாதாமரம் நின்ற நேர்

கடலுக்குள் இருக்கும் என் அத்தானுக்கு,

நம் வாதாமரம் போய்விட்டது. இதை உங்களிடம் சொல்லத்தான் இத்தனை நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் நானே எழுதுகிறேன்.

புயலில் விழவில்லை. விழுந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். தூத்துக்குடியே தண்ணீருக்குள் கிடந்த அந்தப் பெருமழைக்குப் பிறகு, வேரடியில் தேங்கியது வடியவே இல்லை. இலையெல்லாம் சிவந்து கொட்டியது. எப்போதும் கொட்டுவதுதானே, துளிர்த்துவிடும் என்று காத்திருந்தேன். துளிர்க்கவில்லை. மெல்லப் பக்கத்து வீட்டுக் கூரைமேல் சாயத் தொடங்கியது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அத்தான். வெட்டச் சொன்னவள் நான்தான். வெட்டி முடியும்வரை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் அப்பா நட்ட மரம். வீட்டு ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாமல் அதை அனுப்ப முடியுமா?

அதோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவளுக்கு முற்றத்தில் ஓர் இலை கிடந்தாலும் பொறுக்காது. பெருக்கி நிமிர்வதற்குள் இன்னொன்று விழும். "ஏளா ரோஸ்லின், எலைக்கும் வரிசையில விழச் சொல்லிக்குடுக்கப் போறியா?" என்று கட்டிலில் படுத்துக்கொண்டே சிரிப்பீர்கள். வாதாங்கொட்டையை உடைக்க நம் சேவியர் கல்லை விட்டுவிட்டு, நீங்கள் கொண்டுவந்த நல்ல சங்கை எடுத்து அதன் மூக்கை உடைத்தானே, நினைவிருக்கிறதா? அவனை அடிக்க வந்த என்னை அப்பாவும் மகனுமாக மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டீர்கள்.

இப்போதும் விடிந்ததும் கை விளக்குமாற்றைத் தேடுகிறது. பெருக்க ஒன்றுமில்லை.

சங்கு குளித்துத் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கினால், முதலில் கண்ணில் படுவது நம் மரம்தான் என்பீர்கள். "அதப் பாத்த பொறவுதான்ளா எனக்கு மூச்சே வருது." ஒருநாள் நீங்கள் தலை தூக்கவில்லை. வள்ளத்தில் உடன் வந்த இன்னாசி அண்ணன் அந்தப் பதற்றத்திலும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டார். மாதா கோவில் கோபுரத்துக்கு நேராக நம் மரம், வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு நேராகக் கலங்கரை விளக்கம். இரண்டு நேரும் சந்திக்கிற இடம். உங்கள் உடல் கிடைக்கவே இல்லை. அதனால்தான் கல்லறைத் திருநாளன்று ஊரெல்லாம் மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போக, நாங்கள் மட்டும் மாலையோடு படகில் வருகிறோம்.

இந்த வருடம் மரம் இல்லாமல் வந்தோம். சேவியர் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துப் பார்த்து எஞ்சினை அணைத்தான். போன வருடமே மரத்தை நேர் பிடித்து அதில் இடத்தைக் குறித்து வைத்திருந்தானாம்.

"இங்கனதாம்மா. புள்ளி காட்டுது பாருங்க."

"ஏலே, ஒங்கம்மா கான்வென்ட்டு. புள்ளியெல்லாம் நம்ப மாட்டாவ, ஸ்கேல் வச்சிக் கோடு போட்டுக் காட்டணும்" என்றார் இன்னாசி அண்ணன். நான் சிரிக்கவில்லை. அவர் குரலும் இறங்கிவிட்டது. "எடம் சரிதான் மதினி. ஆனா மரத்தக் காணாம எனக்கே கண்ணக் கட்டி விட்ட மாதி இருக்கு."

கரையைத் திரும்பிப் பார்த்தேன். கோபுரம் மட்டும் தனியாக நின்றது.

இறந்தவர்கள் ஆண்டவரிடம் இருக்கிறார்கள், கடலுக்கடியில் இல்லை. எனக்குத் தெரியாதா? ஞானோபதேசத்தை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தவள் நான். ஆனாலும் மாலையைத் தண்ணீரில் விட்டபோது ஒன்றைத்தான் நினைத்தேன். அந்தக் கருவி எங்களுக்கு உங்களைக் காட்டிவிடும். உங்களுக்கு எங்களைக் காட்ட இனி என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, நீங்கள் எடுத்துத் தந்த சிவப்புக் கூறைச்சேலையை வெளியே எடுத்தேன். மொட்டைமாடியில் ஓர் இரும்புக் கம்பம் நட்டு அதில் இதைக் கட்டு என்றேன். சேவியர் திகைத்துவிட்டான்.

"காத்துல கிழிஞ்சிரும்மா. ஒங்க அடக்கத்துக்குன்னுல்லா இத வச்சிருக்கீங்க?"

"என்னைய வெள்ளச் சேலையில அனுப்புலே. ஒங்கப்பாவுக்கு எம்மூஞ்சி தெரியும்லா?"

அவன் கம்பம் வாங்கிவரக் கிளம்பினான். மறுநாள் சேவியர் மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னாசி அண்ணன் அவனுடைய ஜிபிஎஸ்ஸோடு வள்ளத்தில் போய், உங்கள் இடத்திலிருந்து போன் போட்டார். "இன்னும் கொஞ்சம் தெக்க... போதும், போதும்! மதினி, நேரா வந்துட்டு!" எனக்குத் திருப்தியில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே பார்த்தார். பிறகுதான் கம்பத்தை இறுக்க விட்டேன்.

இலை பழுத்த மரம் போலவே இருக்கிறது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரம் மரம்தான். அதன் நிழலில் உட்கார்ந்த பிறகுதான் நான் இந்த வீட்டுக்காரி ஆனேன். அந்த இடத்தைச் சேலையால் மூட முடியாது.

ஆனாலும் தலையைத் தூக்கிப் பாருங்கள், அத்தான். கோபுரத்துக்கு நேராகச் சிவப்பாக ஒன்று அசையும். அதுதான் வீடு. கூறை நைந்து போனால் அடுத்த சேலையைக் கட்டுவேன். நான் இருக்கிறவரை அந்தக் கம்பம் வெறுமையாக நிற்காது.

இப்படிக்கு,
இன்னும் கரையில் நிற்கும்
உங்கள் மனைவி ரோஸ்லின்